பெர்மிட் யார் கையில்? சிங்கப்பூர் வேலை அனுமதியும் தொழிலாளரின் உரிமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தொழிலாளர் சட்டத்தில் விரும்பிய பொருளைப் பற்றிப் பேசலாம் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தீர்கள். காவிரிப் படுகையில் நின்று பேசும்போது எந்தப் பொருள் என்று நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் பெருந்தொகையாகச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறார்கள். போவதற்கு முன் நாம் கேட்கும் கேள்விகள் இரண்டே: சம்பளம் எவ்வளவு, ஏஜெண்டுக்கு எவ்வளவு? எந்தச் சட்டத்தின் கீழ் போகிறான், அவன் பெயரில் வரும் பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கிறது, முதலாளிக்கு என்னென்ன கடமை, அந்தக் கடமையை முதலாளி மீறினால் இவன் என்ன செய்யலாம் என்று நாம் கேட்பதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. அயல்நாட்டுத் தொழிலாளரைக் காக்க முதலாளி மீது சட்டம் எத்தனை நிபந்தனை விதித்தாலும், வேறு முதலாளியிடம் போகும் உரிமை தொழிலாளருக்கு இல்லாதவரை அந்த நிபந்தனைகள் முழுப் பயன் தருவதில்லை. அந்த ஓர் உரிமை கிடைத்தால் மற்ற உரிமைகளுக்கும் உயிர் வரும். இக்கருத்தை ஏழு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு விளக்குகிறேன்.

1. அனுமதியின் அமைப்பு

சிங்கப்பூரில் அயல்நாட்டவர் வேலை செய்ய வேண்டுமானால் வேலை அனுமதி வேண்டும். உயர் சம்பள நிபுணர்களுக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ். நம் ஊரில் ‘இ பாஸ்’ என்போம். இடைநிலைத் திறனாளர்களுக்கு எஸ் பாஸ். கட்டுமானம், கப்பல் பட்டறை, வீட்டு வேலை முதலியவற்றுக்கு ஒர்க் பெர்மிட். 1990இல் இயற்றப்பட்டு, 2007இல் விரிவாக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்ற வெளிநாட்டு மனிதவளச் சட்டம் இவை அனைத்தையும் ஆள்கிறது. நடைமுறைப்படுத்துவது மனிதவள அமைச்சு.

பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. புதுப்பிப்பவரும் ரத்து செய்பவரும் அவரே. தொழிலாளரின் பெயரும் படமும் அதில் இருக்கும். ஆனால் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையை மட்டுமே அவர் செய்யலாம். ஒரு முறைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூர் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க அமைச்சின் ஒப்புதல் தேவை. சென்று சேர்ந்ததும் அங்குள்ள மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கட்டுமானத்துக்குப் போகிறவர் புறப்படுமுன் திறன் தேர்வில் தேற வேண்டும். நம் ஊரில் ‘டெஸ்ட் அடிப்பது’ என்று சொல்வது இதைத்தான். டைல் ஒட்டுதல், கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், குழாய் வேலை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கட்டுமான பெர்மிட் கிடையாது.

ஆக, பெர்மிட்டைத் தொழிலாளர் சுமக்கிறார். அதன் ஆயுள் முதலாளியின் கையில் இருக்கிறது. இனிச் சொல்லப்போகும் எல்லாம் இந்த அமைப்பிலிருந்தே கிளைக்கின்றன.

2. முதலாளியின் கடமைகள்

சிங்கப்பூர்ச் சட்டம் முதலாளியை எளிதில் விட்டுவிடவில்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) பிணை கொடுக்க வேண்டும். தொழிலாளர் நாடு திரும்பிய பிறகே அந்தப் பிணை விடுவிக்கப்படும். மாதந்தோறும் லெவி எனும் தீர்வையும் கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் உயர்திறன் தொழிலாளர் ஒருவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் கொண்டவருக்கு 900 வெள்ளி. பிணையையும் லெவியையும் தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஏழு அயல்நாட்டவர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த விகிதம் அதே நாள்முதல் ஐந்தாகக் குறைக்கப்பட்டது.

மருத்துவக் காப்பீட்டின் வரம்பு முன்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளியாக இருந்தது; 2023 ஜூலை முதல் 60,000. வேலையிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு தரத் தனிச் சட்டமும் தனிக் காப்பீடும் உள்ளன. முறையான தங்குமிடமும் ஊர் திரும்பும் செலவும் முதலாளியின் பொறுப்பு. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம், பதினான்கு நாளுக்குள் ஓவர்டைம் பணம் தர வேண்டும். 2016 முதல் சம்பளச் சீட்டு கட்டாயம். 2020 ஜூலை முதல், விடுதிகளில் தங்கும் தொழிலாளரின் சம்பளம் வங்கிக் கணக்கு வழியாகவே போக வேண்டும். வேலை கொடுப்பதற்காகவோ தொடர்வதற்காகவோ முதலாளி தொழிலாளரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வதும் குற்றம்.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கின்றன. நம் நாட்டிலேயே இடம்பெயர்ந்து கட்டட வேலை செய்பவருக்கு இத்தனை ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால், சிங்கப்பூரைக் குறை சொல்ல நாம் தயங்குவோம். ஆகவே என் கேள்வி சட்டத்தில் ஓட்டை எங்கே என்பதன்று. எழுதப்பட்ட இவ்வளவு பாதுகாப்பும் இருந்தும் சம்பளப் பாக்கி, பொய்க் கணக்கு, மிரட்டல் ஆகியவை ஏன் தொடர்கின்றன என்பதே.

3. ஒரு கடிதத்தை வாசித்துப் பார்ப்போம்

பதில் தேடுமுன், தொழிலாளரின் கையிலுள்ள மிக முக்கியமான ஆவணத்தைப் பார்த்துவிடுவோம். அது ஐ.பி.ஏ. கடிதம். பெர்மிட்டுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்ததும் அமைச்சு வெளியிடுவது. தொழிலாளர் தன் நாட்டை விட்டுப் புறப்படுமுன், அவருடைய தாய்மொழியிலான பிரதியோடு அதை அவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகளுக்கு அது தமிழில் கிடைக்க வேண்டும்.

அதில் முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். நம் வீடுகளில் எல்லோரும் பார்ப்பது மொத்தத் தொகையை. பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை. காரணம் இதுதான்: ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் வேலை நேரமான 2,288 மணியால் வகுத்தால் ஒரு மணிக் கூலி வரும். வாரத்துக்கு 44 மணி, ஆண்டுக்கு 52 வாரம். அதிலிருந்து வருவதே அந்த 2,288. ஓவர்டைமுக்கு இதில் ஒன்றரை மடங்கு.

இருவருக்கும் மாதம் 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் கடிதத்தில் அடிப்படை 572, படி 128. மற்றவரின் கடிதத்தில் அடிப்படை 429, படி 271. முதலாமவரின் மணிக் கூலி 3 வெள்ளி; ஓவர்டைம் மணிக்கு 4 வெள்ளி 50 காசு. இரண்டாமவரின் மணிக் கூலி 2 வெள்ளி 25 காசு. ஓவர்டைம் மணிக்கு 3 வெள்ளி 37 காசுக்குச் சற்று மேல். மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் ஓவர்டைம் பொதுவாக 72 மணி. அவ்வளவும் பார்த்தால் முதலாமவருக்கு 324 வெள்ளி, இரண்டாமவருக்கு 243 வெள்ளி. மாதம் 81 வெள்ளி வித்தியாசம். இரண்டு ஆண்டில் 1,944 வெள்ளி. ஒரே 700 வெள்ளியை இரண்டு விதமாகப் பிரித்து எழுதியதால் வந்த வேறுபாடு இது.

இக்கடிதத்தில் உள்ள சம்பளத்தை, தொழிலாளரின் எழுத்து வழி ஒப்புதல் பெற்று அமைச்சுக்கும் தெரிவிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. நல்ல விதி. ஆனால் தரையிறங்கிய ஒரு வாரத்தில், ‘இதில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போ’ என்று ஒருவர் தாளை நீட்டினால், கையெழுத்துப் போட மறுக்கும் நிலையில் அந்தப் பிள்ளை இருக்கிறானா? விதி கேட்கும் ஒப்புதலை அச்சம் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. நாம் தேடும் பதிலின் தொடக்கம் இங்கே இருக்கிறது.

4. வாயை அடைப்பது எது

சம்பளம் வரவில்லை, ஓவர்டைம் கணக்கு தப்பாக இருக்கிறது, காயத்தை மறைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுக்க இடம் இருக்கிறது. டாடம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவுத் தீர்வு அமைப்பில் முதலில் சமரசப் பேச்சு நடக்கும். தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டும் 2017 ஏப்ரலில் தொடங்கப்பட்டவை. வேலையில் இருக்கும்போதே கேட்டால், பாக்கி ஏற்பட்ட ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வேலையிலிருந்து நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்குள்.

ஆனால் புகார் கொடுத்தவரின் பெர்மிட்டை முதலாளி ரத்து செய்துவிட முடியும். பெர்மிட் காலத்தின் நடுவே வேறு முதலாளியிடம் மாற, இப்போதுள்ள முதலாளியின் சம்மதம் வேண்டும். எந்த முதலாளியின் மீது குறை சொல்கிறாரோ அவரிடமே விடுதலை கேட்டு நிற்க வேண்டிய நிலை. செல்லத்தக்க சம்பளப் புகார் உள்ளவர்களை வேறு வேலை தேட அமைச்சு அனுமதிப்பது உண்டு; ஆனால் முதலில் புகார் கொடுக்கும் துணிவு வந்தால்தானே அந்தக் கதவு திறக்கும்!

சட்டப்படி முதலாளியை அதிகமாகக் கட்டுப்படுத்தும் பிணைத் தொகையும் சில சமயம் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. தொழிலாளர் காணாமல் போனால் 5,000 வெள்ளியில் ஒரு பகுதியோ முழுவதுமோ பறிபோகும் என்ற அச்சத்தில், முணுமுணுக்கத் தொடங்கியவரை விரைவாக ஊருக்கு அனுப்பிவிடுவதே பாதுகாப்பு என்று முதலாளி நினைக்கிறார். தொழிலாளரைப் பாதுகாக்கப் போட்ட விதி, அவரைச் சீக்கிரம் வெளியேற்றும் தூண்டுதலாகிவிடுகிறது.

தங்குமிடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனா பரவியபோது சிங்கப்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் இருந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு தந்த கணக்குப்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. 2021இல் புதிய விடுதிகளுக்கு ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் என்று விதி வந்தது. வரவேற்கிறேன். ஆனால் மோசமான விடுதியில் வைக்கும் முதலாளியை விட்டு நல்ல விடுதி தரும் முதலாளியிடம் தொழிலாளர் போக முடிந்திருந்தால், தொற்று வந்து சொல்லும்வரை இந்த மாற்றம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. தொழிலாளர் விலகிப் போகக்கூடும் என்ற நிலைமையே முதலாளிக்கு அன்றாடம் நினைவூட்டும் ஆய்வாளர். அரசு ஆய்வாளர் ஆண்டில் ஓரிரு முறைதான் வர முடியும்.

5. நம் ஊர்க் கடன்

இது வரை சொன்னது அந்தக் கரையின் பக்கம். நம் கரையின் பக்கமும் பூட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கடன். நகையை அடகு வைத்து, நிலத்தின் மேல் வாங்கி, வட்டிக்கு எடுத்து ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர், அந்தக் கடன் தீரும்வரை எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டார். முதல் ஆண்டுச் சம்பளம் ஏஜெண்டு பணத்துக்கே போகிறது என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. பெர்மிட்டை ரத்து செய்துவிடுவேன் என்ற மிரட்டலுக்கு வலு தருவது இந்தக் கடன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டு மட்டுமே ஆள் சேர்க்கலாம். அவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் வாங்கலாம், ரசீது தர வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் பார்க்கப்படும், 10 லட்ச ரூபாய்க்கான காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அதனால் கோலாலம்பூர் போகிறவருக்கு உள்ள அரைகுறைப் பரிசோதனைகூட, அதே விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு இல்லை. நல்ல சட்டமுள்ள நாடு என்று நம்பி விட்டுவிட்டோம். அந்த நாட்டின் சட்டம் அந்த நாட்டில்தான் செல்லும். நம் ஊரில் பதிவில்லாமல் பணம் வாங்கும் இடைத்தரகரைப் பிடிப்பது நம் வேலை.

6. நம் வரலாறும் பிற நாடுகளும்

முதலாளியின் சம்மதம் இல்லாமல் நகர முடியாத நிலை நமக்குப் புதிதன்று. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வரலாற்றில் ‘துண்டு’ என்ற காகிதம் வருகிறது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துப் போவார். அந்தப் பணம் தொழிலாளரின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளரோடு கூடவே போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. இந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம் ஒழித்தது. அடுத்த ஆண்டே இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது.

இன்றைய பெர்மிட்டையும் அன்றைய துண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அன்றைய தொழிலாளருக்கு இல்லாத சம்பளச் சீட்டும் காப்பீடும் நடுவர் மன்றமும் இன்று இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் பொதுவானவை இரண்டு உண்டு: புறப்படுமுன் வாங்கிய கடன், போக வேண்டுமானால் பழைய முதலாளியின் சம்மதம். இவை சேர்ந்த இடத்தில் மற்ற நல்ல விதிகள் வலுவிழக்கும் என்பதுதான் நம் முன்னோர் பட்ட பாடு நமக்குத் தரும் பாடம்.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கின்றன? கத்தார் 2020இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், முதலாளியின் ஆட்சேபமின்மைச் சான்று இல்லாமலே தொழிலாளர் வேலை மாறலாம். இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு மாத அறிவிப்பு. அதற்கு மேல் வேலை செய்திருந்தால் இரண்டு மாதம். நடைமுறையில், விலகிய ஆளின் மீது ‘ஓடிப்போனான்’ என்று பொய்ப் புகார் கொடுக்கும் முதலாளிகள் இருந்ததால் பலன் முழுமையாக வரவில்லை. ஆனாலும் சட்டம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அது காட்டியது. கனடா 2019 ஜூனில், முதலாளியின் கொடுமைக்கு உள்ளான தொழிலாளர் எந்த முதலாளியிடமும் வேலை செய்யத் திறந்த அனுமதி பெறும் வழியை ஏற்படுத்தியது.

அமெரிக்காவின் எச்-1பி விசாவும் நிறுவனத்தோடு கட்டப்பட்டதுதான். ஆனால் 2000இல் இயற்றிய சட்டத்தின்படி, புதிய நிறுவனம் மனுத் தாக்கல் செய்தவுடனே அங்கே வேலை தொடங்கலாம். வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் என்ற விதி 2017 முதல் உண்டு. காலம் முடியுமுன் நிறுவனமே நீக்கினால், நாடு திரும்பும் பயணச் செலவு நிறுவனத்தைச் சேரும். நம் கிராமத்தின் ஒரே தெருவில் ஒரு பிள்ளை எச்-1பியில் இருக்கிறான், ஒரு பிள்ளை பெர்மிட்டில் இருக்கிறான். மேலதிகாரி சரியில்லையென்றால் முதலாமவன் வேறு நிறுவனம் தேடுகிறான். இரண்டாமவன் பொறுத்துக்கொள்கிறான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிங்கப்பூரிலேயே இ பாஸ் வைத்திருப்பவருக்காகப் புதிய நிறுவனம் விண்ணப்பிக்கும்போது பழைய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. கட்டுமான பெர்மிட் வைத்திருப்பவரும், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரையுள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதமில்லாமல் வேறு முதலாளிக்கு மாறலாம். ஆக, கொள்கையைச் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அந்தக் கதவு ஆண்டுக்கணக்கான வேலையின் இறுதியில், சுமார் மூன்று வாரம் மட்டுமே திறந்திருக்கிறது. நான் கேட்பது, அதை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்க வேண்டும் என்பதே.

7. மறுப்புகளும் என் விடைகளும்

முதல் மறுப்பு: முதலாளி லெவி கட்டுகிறார், பிணை கொடுக்கிறார், ஆளை வரவழைக்கச் செலவு செய்கிறார், வந்த மூன்றாம் மாதமே ஆள் வேறிடம் போனால் அவருக்கு நட்டமில்லையா? நியாயமான கேள்வி. அதற்கு வழி, குறைந்தபட்ச வேலைக் காலமும் முறையான அறிவிப்பும் வைப்பது. மீதிக் காலத்துக்குரிய வரவழைப்புச் செலவைப் புதிய முதலாளி பழைய முதலாளிக்குக் கொடுப்பது. அந்தச் செலவு துண்டு முறையில் நடந்ததுபோலத் தொழிலாளர் தலையில் ஏறாமலிருக்கச் சட்டம் காக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு: சிறிய தீவு நாடு, அயல்நாட்டவரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால் என்னாகும்? ஏற்கெனவே உள்ளே இருக்கும் கட்டுமானத் தொழிலாளர் ஒரு கட்டுமான நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் நாட்டிலுள்ள எண்ணிக்கை ஓர் ஆள்கூட அதிகரிக்காது. புதிய முதலாளிக்கும் அதே விகித வரம்பு, அதே லெவி. மாறாக, அனுபவமுள்ளவர் உள்ளேயே தங்குவதால் துறைக்கு நன்மை. 2025 ஜூலை முதல் பெர்மிட் தொழிலாளரின் மொத்த வேலைக் காலத்துக்கு இருந்த உச்சவரம்பைச் சிங்கப்பூர் நீக்கி, வயது வரம்பை 63 ஆக உயர்த்தியதும் அனுபவத்தின் மதிப்பைக் கருதித்தான். அனுபவமுள்ளவரை நாட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் அரசு, அவர் யாரிடம் வேலை செய்வது என்பதிலும் அவருக்குப் பங்கு கொடுக்கலாம்.

மூன்றாம் மறுப்பு நம் ஆட்களிடமிருந்தே வருகிறது: ‘அங்கே பொறுத்துப் போனால்தான் பிழைக்க முடியும்.’ இது அனுபவத்தின் குரல். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பொறுத்துப் போக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குவது எது என்பதைத்தான் இதுவரை பார்த்தோம். அது மனிதர்கள் எழுதிய விதி, மனிதர்கள் மாற்றலாம். இலங்கையில் 1921இல் மாற்றினார்கள்.

நிறைவாக மூன்று தரப்புக்கு என் வேண்டுகோள்.

சிங்கப்பூர் அரசுக்கு: ஒரே துறைக்குள், ஓராண்டு வேலை முடித்த பெர்மிட் தொழிலாளர், முறையான அறிவிப்புக் கொடுத்து முதலாளியின் சம்மதமின்றி மாற அனுமதியுங்கள். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்தால், புதிய வேலை தேட எல்லாத் தொழிலாளருக்கும் ஒரு குறிப்பிட்ட கால அவகாசம் கொடுங்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும் நல்ல விதிகள் அதனால் பலம் பெறும்.

நம் அரசுகளுக்கு: 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்ட வரைவு 2021இல் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. எந்தப் புதிய சட்டம் வந்தாலும், சிங்கப்பூர் போகும் தொழிலாளரும் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் உட்பட வேண்டும்; ரசீதில்லாமல் வாங்கும் ஏஜெண்டு பணம் தண்டனைக்குரியதாக நடைமுறையில் ஆக வேண்டும். தமிழ்நாட்டு அரசுக்கு 1978 முதலே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலத்துக்குத் தனித் துறையும் இருக்கிறது. கட்டுமான வேலைக்குப் போகிறவருக்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவு வங்கிக் கடனும், மாவட்டத் தலைநகரில் ஐ.பி.ஏ. கடிதத்தை வாசித்து விளக்கும் ஓர் அலுவலரும் இருந்தால், பாதிப் பிரச்சினை புறப்படும் முன்பே தீரும்.

பெற்றோர்களே, மாணவர்களே, உங்களுக்கு: ஐ.பி.ஏ. கடிதம் தமிழில் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்தை முதலில் பாருங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்து, ரசீது வாங்குங்கள். அங்கே போனதும் பாஸ்போர்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் வராவிட்டால் ஊர் திரும்பும்வரை காத்திராமல், அங்கே இருக்கும்போதே டாடமுக்குப் போங்கள்; திரும்பிவிட்ட பிறகு கேட்பது பல மடங்கு கடினம்.

உழைப்பை விற்கப் போகிறவருக்கு, அதை யாரிடம் விற்பது என்று முடிவு செய்யும் உரிமை இருக்க வேண்டும். மற்ற உரிமைகளெல்லாம் அதைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. அந்த உரிமைக்காகக் குரல் கொடுக்க இந்தக் கல்லூரியின் சட்ட மாணவர்களும் பொருளியல் மாணவர்களும் முன்வர வேண்டும் என்று கேட்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.